மூன்று தழும்புகள்: இரும்பு லேத்தில் கடைந்த பூரிக்கட்டை பற்றி ஓர் ஆய்வு

இத்துறையில் இதுவரை எவரும் நுழைந்ததாகத் தெரியவில்லை. ஏன் நுழையவில்லை என்பது ஆய்வின் நடுவில் புரிந்தது.

முதலில் பெயராய்வு. மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மத்தானாலும் பழைய கடைசல் மரமானாலும் கயிற்றைச் சுற்றி இப்படியும் அப்படியும் இழுப்பதுதான் வேலை. ஒரே வினைச்சொல் போதும். 'லேத்' என்பதே 'இழைத்து' என்பதன் சிதைவு என நிறுவ ஓர் அணி தயாராக இருக்கும். அந்தத் தலைப்பை அவர்களுக்கே விட்டுவைக்கிறேன்.

வரலாறு: 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி டூலை மனிதன் கையிலிருந்து பிடுங்கி இரும்புச் சட்டத்தில் பூட்டினார்.

வேகம்: போதாது. இரண்டு அங்குல மரம் நிமிடத்துக்கு 2000 சுற்றாவது கேட்கும். கோவை கணபதியில் பூரிக்கட்டை கடைய நான் போன பட்டறையின் கிழட்டு லேத் அதில் பாதிக்கே முனகியது. இரும்புக்குத் தீட்டிய டூல் நாரை வெட்டாமல் பிய்த்தது. (காண்க: பட்டறைச் சுவர், சாக்பீஸ் எழுத்து, மூன்றாம் வரி. நான்காம் வரி யாரோ வைத்த பாக்கி.)

தூள்: லேத்தின் அடித்தளமான பெட்டில் பூசிய ஆயிலை மரத்தூள் குடித்து, எள்ளுருண்டைப் பதத்துக்கு வந்து, துடைக்காவிட்டால் துருவையும் அழைத்து வரும். "ஏனுங் சார், இது இரும்புக்குப் பொறந்த மிஷினுங்" என்றார் டர்னர். அவர் கூற்றை முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன்.

இனி தழும்பு. ஒரு கைப்பிடியைக் கடைந்த பின் கட்டையைத் திருப்பி, வழவழப்பான நடுப்பகுதியை லேத்தின் பிடியான சக்கில் கொடுத்து இறுக்கினார். மூன்று தாடையும் கடித்தன. தகரத்தைச் சுற்றிக் கொடுத்திருக்கலாம். ஆய்வாளன் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு அங்குலக் கட்டையின் சுற்றளவு 6.3 அங்குலம், 2.1 அங்குலத்துக்கு ஒரு பள்ளம். ஆகவே ஐந்து அங்குலப் பூரியில் இரண்டு மேடு, அதிர்ஷ்டமிருந்தால் மூன்று. இவை குலக்குறியா, எழுத்தா, வணிக முத்திரையா? பானைக் கீறல் ஒன்றுக்கு மூன்று புத்தகம் எழுதும் அறிஞர்கள் இதை வலமிருந்து இடமாகவும் வாசிக்கக்கூடும் என்பதால், எங்கள் வீட்டுப் பூரிகளை இரு திசையிலும் வைத்துப் பார்த்தேன். (ஒப்புநோக்குக: ஞாயிறு காலை, இரண்டாம் ஈடு, ஏழாவது பூரி, மேற்புறம், கீழ்ப்புறம் கருகிவிட்டது. எட்டாவது பூரி மூலப்படி. அதை மகன் தின்றுவிட்டதால் வாய்மொழி மரபாக மட்டுமே கிடைக்கிறது. அம்மரபும் "உப்பு கம்மி" என்ற அளவிலேயே நிற்கிறது.)

எதிர்க்கருத்தும் உண்டு. ஈரத்துணி போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நசுங்கிய மரம் உப்பிப் பள்ளம் நிரம்பும் என்கிறார்கள் மரக்கடைசல்காரர்கள். பரிசோதிக்கக் கட்டையைக் கேட்டேன்.

"மாவு பிசைஞ்சாச்சு, அப்புறம் வாங்க" என்றாள் மனைவி.