வர்க்கமூலம் கேட்கும் ஜாமீன்

கேள்வி: பைத்தானின் சிம்பை நூலகத்திடம் எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தைச் சுருக்கச் சொன்னால், எக்ஸ் என்று சொல்லாமல் கொடுத்ததையே திருப்பித் தருகிறதே! எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியாதா?

பதில்: பிள்ளை அவசரப்படுகிறது, கணினிதான் சரி. எக்ஸ் -3 என்று வையுங்கள். வர்க்கம் 9, அதன் வர்க்கமூலம் 3. மைனஸ் எங்கே போனது? எக்ஸ் யாரென்று நீங்கள் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆளுக்கு சிம்பை ஜாமீன் கையெழுத்துப் போடாது. எக்ஸை அறிமுகப்படுத்தும் வரியிலேயே ‘பாசிட்டிவ் = ட்ரூ’ என்று எழுதுங்கள், உடனே எக்ஸ் வந்துவிடும். ஒரே அடிமானத்தின் பெருக்கலில் அடுக்குகளைக் கூட்டுவதற்கு இந்த ஜாமீன் வேண்டாம். எக்ஸ் மைனஸ் ஆனாலும் அந்த விதி செல்லும். ஜாமீன் இல்லாமலே சுருக்கும்படி ‘ஃபோர்ஸ்’ என்று கட்டாயப்படுத்தும் வழியும் உண்டு. எக்ஸ் மிகை எண் என்று உறுதியாகத் தெரியாதவரை அதைத் தொடாதீர்கள்.