கரண்ட் வைத்துக்கொண்ட கதை

எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால், எலக்ட்ரீஷியன் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பது என் கொள்கை. மிக்ஸி பிளக்கைக்கூட ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் பிடுங்குவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு, இடுப்பில் கரண்ட் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். நவராத்திரிக்குப் பரணிலிருந்து கொலுப்படி இறக்கிய வீரத்துக்குப் பரிசாக வந்த வலி, திருக்கார்த்திகை கழிந்தும் கிளம்புகிற வழியாக இல்லை.

"கரண்ட் எங்கே வைக்கப் போறாங்க, தலையிலயா?" என்று ஆவலோடு கேட்டாள் மனைவி. இடுப்பில் என்றதும் சுவாரசியம் குறைந்து காய் நறுக்கப் போய்விட்டாள்.

பிசியோதெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். "பயப்படாதீங்க சார். வீட்டு கரண்ட் செகண்டுக்கு 50 சுற்று. இது 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம்" என்றாள். பயந்தவனைத் தேற்ற இதைவிட மோசமான கணக்கு கிடையாது.

ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நரம்பு விழித்துக்கொண்டு துடிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். இந்த வேகத்தில், கரண்ட் வந்ததை அது கவனிப்பதற்குள் கரண்ட் திரும்பிப் போயிருக்கும். ஷாக் இல்லை, மிஞ்சுவது சூடு மட்டும். 1890-களிலேயே பாரிஸில் தார்சொன்வால் என்ற விஞ்ஞானி, செகண்டுக்கு 10,000 சுற்றைத் தாண்டினால் தசை துடிப்பதில்லை என்று கண்டு, தன் உடம்பிலேயே பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். அவர் வீட்டில் ஃபியூஸ் மாற்ற ஆள் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு ஷார்ட்வேவ் டயதெர்மி என்று பெயர், ஆஸ்பத்திரியில் எஸ்.டபிள்யூ.டி. வாட்ச், சாவிக்கொத்து, மொபைல் எல்லாம் அடுத்த அறைக்குப் போயின. கட்டில்கூட மரக்கட்டில்தான். "வேற ஏதாவது மெட்டல் இருக்கா சார்?" "இல்லை" என்றேன் கம்பீரமாக. சட்டையைத் தூக்கியதும் வெள்ளி அரைஞாண் பளபளத்தது. உலோகம் பக்கத்தில் இருந்தால் அங்கே சூடு குவிந்து தோலைப் பொசுக்கிவிடுமாம். கல்யாணத்துக்கு முன் போட்ட முடிச்சு. இடுப்பு வளர்ந்த வேகத்தில் அது சதைக்குள் குடியேறியிருந்தது. உதவியாளர் கத்தரிக்கோலோடு வந்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, வெட்டி எடுத்தார்.

வியர்வைத் துளியிலும் சூடு சேரும் என்பதால் முதுகைத் துடைத்தாள். மடித்த துண்டு, அதன்மேல் பேடுகள். கேபிள் என் மேலும் படாமல், ஒன்றோடொன்றும் உரசாமல் ஒதுக்கி வைத்தாள். பிறகு ஒரு சின்ன நியான் பல்பைக் கேபிள் அருகே நீட்டினாள். எதையும் தொடாமல், ஒயர் இல்லாமல், அது எரிந்தது. மின்கட்டணம் கட்டுகிற எவனும் அந்தக் காட்சியில் ஒரு கணம் வலியை மறப்பான்.

"வெதுவெதுன்னு இதமா இருக்கணும். சுட்டா உடனே சொல்லணும்" என்றாள். உடம்புக்குள் எவ்வளவு சூடு ஏறியது என்று காட்ட மெஷினில் முள் கிடையாது. நோயாளி சொல்வதுதான் அளவு. வீட்டில் சாம்பாருக்கு உப்பு போதுமா என்றுகூட என்னைக் கேட்பதில்லை. இங்கே இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட சுற்றுகள் என் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்தன. அதிகாரம் தலைக்கேறி, கொடுத்த பணத்துக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்றேன்.

"தோசைக்கல் இல்ல சார். உள்ள வெந்துடும்."

பேடு வைக்கும் முறையில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புதான் அதிகம் சூடாகும் என்பதை வீட்டில் விஞ்ஞானமாக விளக்கினேன். "அப்ப உங்களுக்கு ரொம்பச் சீக்கிரம் சூடாகியிருக்குமே" என்றாள் மனைவி, வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அறையில் இருபது நிமிடம் மொபைல் இல்லை, காலிங்பெல் இல்லை, கேஸ் புக் பண்ணியாச்சா என்ற கேள்வி இல்லை. அந்தச் சுகத்துக்காகவே வலி கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. அது பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்குத் தெரிந்துபோயிற்று. "இது வலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்றாள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கச் சொல்லி அவள் கொடுத்த பயிற்சித் தாள் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2016-இல், இடுப்புவலிக்கு டென்ஸ், இன்டர்ஃபெரென்ஷியல் என்ற மற்ற இரண்டு கரண்டுகளும் வேண்டாம், உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்றே எழுதிவிட்டது. படுத்துக்கிடப்பவர்களிடம் உலகத்துக்கு இரக்கமே இல்லை.

நீங்களும் போவதாக இருந்தால், பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் பிளேட், ஸ்க்ரூ உண்டா, நீங்களோ கூட வருபவரோ கர்ப்பமா என்பதை மெஷின் அறைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். அரைஞாணை வீட்டிலேயே அவிழ்த்துவிடுவது மரியாதை.