ஜி-யை அழுத்தும் அண்ணன்

அண்ணனுக்கு டயாப்லோ என்றால் இரண்டாவது மட்டும்தான். முதலாவது ஒத்திகை, மூன்றாவது துரோகம். நான்காவதின் பேச்சை எடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். பேச்சு மாறிவிட்டது என்று உறுதியான பிறகுதான் திரும்பி வருவார். 2000 ஜூனில் வெளிவந்த அந்த ஒரு ஆட்டத்தோடு ஆக்‌ஷன் ஆர்பிஜி என்ற இனமே முழுமையடைந்துவிட்டது, பிறகு வந்ததெல்லாம் பின்னிணைப்பு என்பது அவர் கட்சி. "2001-ல எக்ஸ்பான்ஷன் வந்துச்சே அண்ணே?" என்று கேட்டால் மட்டும் முகம் கொஞ்சம் இளகும். "அது சரி, அதைச் சேர்த்துக்கலாம்" என்பார், மூத்த மருமகனை மட்டும் மனிதனாக மதிக்கும் மாமனாரின் குரலில்.

இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் 2021 செப்டம்பரில் அதே ஆட்டத்தைப் புதுப்பித்து, 'டயாப்லோ 2: ரெசரெக்டட்' என்று விட்டார்கள். செய்தவர்கள் விவரமானவர்கள். அண்ணன்மார் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் உள்ளே ஓடுகிற பழைய ஆட்டத்தை விட்டுவைத்து, மேலே மட்டும் புதுத் தோலைப் போர்த்தினார்கள். எந்த வாள் எவ்வளவு வெட்டும், எந்தப் பூதம் எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கெல்லாம் வந்த புதிதில் அடியில் பழையபடியே ஓடியது. போதாததற்கு ஒரு சலுகை வேறு. விசைப்பலகையில் ஜி என்ற எழுத்தைத் தட்டினால் புதுத் தோல் உரிந்து, அந்தக் கணமே பழைய படம் வந்து நிற்கும். இன்னொரு தட்டு தட்டினால் மறுபடி புதுசு.

அந்த விசையால்தான் என் நிம்மதி போயிற்று.

அண்ணன் அதை அழுத்துகிற தினுசே தனி. நான் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பேன். பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கொஞ்ச நேரம் 'ப்ச்' கொட்டுவார். பிறகு என் தோளுக்கு மேலாக ஒரு கை நீளும். "இப்பப் பாரு." டக். இரண்டு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை விழுந்து, நடுவில் 800-க்கு 600 புள்ளியில், நொடிக்கு 25 சட்டகத்தில், பழைய உலகம் தத்தித் தத்தி நகரும். "இதுதான்டா இருட்டு. இது பயமுறுத்துது." டக். புதுப் படம்: தீவட்டி வெளிச்சம் ஈரச் சுவரில் ஆடும், கவசத்தில் கீறல்கூடத் தெரியும். "இது சினிமா செட்டு." டக். பழையது. "இதுல என்ன நிக்குதுன்னு நீயே யோசிக்கணும். மூளைக்கு வேலை." டக். "அதுல எல்லாத்தையும் அவனே காட்டிடறான்." டக்.

என்ன நிற்கிறது என்று நானும் யோசித்துத்தான் பார்த்தேன். "பானை மாதிரி இருக்கு அண்ணே." "ஷாமன்டா அது! செத்ததுங்களை எழுப்பி விடுறவன்!" அதற்குள் அவன் இரண்டு பேரை எழுப்பியும் விட்டிருந்தான். "அப்பவே ஆடியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் அண்ணன். அவர் விஷயத்தில் எல்லா வாதமும் அந்த ஒரு பதிலில்தான் போய் முடியும். அப்போது நான் ஆடவில்லை. ஆகவே இன்று என் கண்ணுக்கு எது தெரிந்தாலும் அது செல்லாது.

இவர் தன் வீட்டில் தனியாக எப்படி ஆடுகிறார் என்பது, சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனவர்களுக்குத் தெரியும். புதுப் படம், திரை முழுக்க, எல்லா அமைப்பும் உச்சத்தில். கதவுச் சத்தம் கேட்டதும் கை ஜி-க்குப் பாயும். "தெரியாம பட்டுடுச்சு, இப்பதான் மாத்தப் போனேன்" என்பார். எங்கே பட்டது, எப்போது பட்டது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய மனிதர்.

புது ஆட்டம் எதைக் காட்டினாலும் முதல் கேள்வி, "இதுல ஜி இருக்கா?" தெருமுனை மெஸ்ஸில் எவர்சில்வர் தட்டை எடுத்துவிட்டு பீங்கான் தட்டு வைத்த அன்று, அவர் ஆள்காட்டி விரல் மேசையில் தன்னால் அழுந்தியதை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது என் விசைப்பலகையில் எழுத்து அழிந்துபோன விசை ஒன்றே ஒன்று. எது என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்ற கொள்கைகளும் உண்டு. அந்தக் காலத்தில் தரையில் கிடக்கும் தங்கக் காசை ஒவ்வொன்றாக கிளிக் செய்துதான் பொறுக்க வேண்டும். புதியதில் பக்கத்தில் நடந்தாலே பைக்குள் வந்துவிடும். "சோம்பேறிங்களுக்கான ஆட்டம்" என்பார். அந்த வசதியை அமைப்புகளில் போய் அணைத்துவிடலாம். அண்ணன் இன்றுவரை அணைக்கவில்லை. திறன் புள்ளியைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டால் முன்பெல்லாம் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். 2010-ல் வந்த திருத்தத்தில், அகாரா என்கிற முகாம் பூசாரிப் பெண்மணியிடம் கேட்டால் புள்ளிகளைத் திருப்பித் தருவாள் என்று ஆக்கினார்கள். "அன்னைக்கே ஆட்டம் செத்துடுச்சு" என்பார். செத்த வீட்டுக்கு இவர் எத்தனை முறை போய்ப் புள்ளிகளைத் திருப்பி வாங்கினார் என்பது அகாராவுக்குத்தான் வெளிச்சம்.

"2000-லயே முழுமையா வந்துச்சு, அதுல ஒண்ணையும் மாத்த முடியாது" என்பவர், மூன்று ரூன் கற்களின் பெயரை மட்டும் மந்திரம்போலச் சொல்வார்: ஜா, இத், பெர். அந்த வரிசையில் கவசத்தில் பதித்தால் எனிக்மா. மந்திரவாதினி மட்டும் தாவிக்கொண்டிருந்ததுபோல் யார் வேண்டுமானாலும் இருந்த இடத்திலிருந்து திரையின் மறுகோடிக்குத் தாவலாம். அந்த எனிக்மா வந்தது 2003-ல், ஒரு திருத்தத்தில். முழுமையான ஆட்டத்தில் மூன்று வருடம் கழித்துச் செருகியது அவருக்கு உயிர். எடுத்துச் சொன்னால், "அப்ப திருத்தினவங்க வேற ஆளுங்க" என்பார்.

டயாப்லோ பிறந்த கதையும் அவரிடமே கேட்டதுதான். கலிஃபோர்னியாவில் டயாப்லோ என்று ஒரு மலை. அதன் அடிவாரத்தில் வசித்த டேவிட் ப்ரெவிக் என்பவர் அந்த மலையின் பெயரைத் தன் ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். முதலில் அது ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்தும் முறையில்தான் இருந்தது. ப்ளிஸார்ட் நிறுவனத்துக்காரர்கள், கிளிக் செய்த நொடியே வெட்டு விழட்டும் என்றார்கள். ப்ரெவிக்குக்கு அதில் இஷ்டமில்லை. கடைசியில் இறங்கிவந்து ஒரு மதிய நேரத்தில் மாற்றிப் பார்த்தார். முதல் எலும்புக்கூட்டை அடித்து நொறுக்கியதுமே புரிந்துவிட்டது, இதுதான் ஆட்டம் என்று. அண்ணன் இதைக் கண்கள் பளபளக்கச் சொல்வார். அந்த மதியம் இவர் அந்த அறையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். "கிளிக் பண்ணினதும் வெட்டறதா? யோசிக்க நேரம் வேண்டாமா? சோம்பேறிங்களுக்கான ஆட்டம்" என்று ப்ரெவிக்கின் தோளுக்கு மேல் கையை நீட்டியிருப்பார். டயாப்லோவே பிறந்திருக்காது.

2008-ல் மூன்றாவதின் முதல் படங்களைக் காட்டியபோது, வண்ணம் அதிகம், வானவில் தெரிகிறது என்று ரசிகர்கள் மனுவே போட்டார்கள். அதில் அண்ணனும் ஒரு கையெழுத்து. 2012-ல் ஆட்டம் வந்தபோது உள்ளே ஒரு ரகசிய ஊரை ஒளித்து வைத்திருந்தார்கள். அங்கே இளஞ்சிவப்பு மேகம், சிரிக்கும் பூ, ஒற்றைக்கொம்புக் குதிரை. மனுவுக்குப் பதில் அதுதான். "நான் அந்தப் பக்கமே போனதில்லை" என்பார். ஆனால் அங்கே போகத் தேவையான லியோரிக்கின் கால் எலும்பு, கறுப்புக் காளான், திரவ வானவில் எல்லாம் எங்கெங்கே கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நியாயத்துக்கு ஒன்று: அதே மூன்றாவதில், ஆட்டத்தில் கிடைத்த வாளை நிஜப் பணத்துக்கு ஏலம் விடும் சந்தை ஒன்று வைத்தார்கள். உருப்படாது என்று முதல் நாளே சொன்னவர் அண்ணன். 2014 மார்ச்சில் மூடினார்கள். அன்று மட்டும் அவர் சொன்னது பலித்தது. அந்த ஒரு வெற்றியை வைத்து இன்றுவரை ஓட்டுகிறார்.

சரி, பழைய பாணியிலேயே புதிதாகச் செய்து கொடுத்தால்? கொடுத்தார்களே. இரண்டாவதைச் செய்தவர்களில் ஷேஃபர் சகோதரர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் வெளியே வந்து 2009-ல் 'டார்ச்லைட்' செய்தார்கள். இசைக்கும் அதே மாட் உல்மன். கூட வரும் செல்லப்பிராணியிடம் வேண்டாத சாமானைக் கொடுத்தால் ஊருக்குப் போய் விற்றுவிட்டு வரும். "நாய் கடைக்குப் போகுதாம்" என்று ஒதுக்கினார். 2013-ல் நியூசிலாந்திலிருந்து 'பாத் ஆஃப் எக்ஸைல்' வந்தது. இருட்டு, கஷ்டம், திறன் மரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்கள், எல்லாம் இவர் கேட்டபடி. "தங்கக் காசே கிடையாதாமே?" 2016-ல் 'கிரிம் டான்'. "அப்படியே நம்ம டூ-வைக் காப்பி அடிச்சிருக்கான்." வேறு மாதிரி செய்தால் துரோகம், அதே மாதிரி செய்தால் காப்பி. "வாங்கினீங்களா அண்ணே?" என்றால், "முக்கால் விலை குறையட்டும்." இது சிரிக்கிற விஷயமில்லை. சின்னக் குழுக்கள் இந்த அண்ணன்மார் போடுகிற கூச்சலை நம்பி வருடக்கணக்காக உட்கார்ந்து செய்கிறார்கள். கேட்டவர்கள் வாங்க மாட்டார்கள். அந்தக் காலம் தெரியாத பொடியன்கள்தான் முழு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவர்களையும் இவர்கள் "உனக்கென்ன தெரியும்" என்று விரட்டுகிறார்கள்.

ஆனாலும் அண்ணனை வெறுக்க முடிவதில்லை. செத்தால் நம் ஆயுதமும் கவசமும் பிணத்தோடே கிடக்கும், வெறுங்கையோடு போய் எடுக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் கொடுமை. யாராவது புதியவர் அப்படி மாட்டிக்கொண்டால், எந்த நேரமானாலும் அண்ணன் உள்ளே வந்து, பூதங்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நீ போய் எடு" என்பார். எடுக்கிறவரை நகர மாட்டார். கேலி செய்ய மாட்டார். ஒரு தடவை, கூடுதலாக நல்ல செருப்பு ஒன்றையும் என் காலடியில் போட்டுவிட்டுப் போனார். அதனால்தான் நாற்காலி போடுகிறோம், டீ தருகிறோம்.

ஆனால் ஹார்ட்கோர் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு முறை செத்தால் செத்ததுதான். பிணத்தை எடுக்கவெல்லாம் வழியில்லை. என் பார்பேரியன் எண்பது நிலைகளைத் தாண்டி, ஐந்தாம் அங்கத்தில் வேர்ல்ட்ஸ்டோன் கோட்டைக்குள் நுழைந்திருந்தான். அங்கே தூரத்திலிருந்தே மின்னல் வீசும் ஆவிகள் உண்டு. திரையின் ஓரத்தில் ஒன்று தலைகாட்டியது. ஓடத் தயாரானேன். தோளுக்கு மேல் கை நீண்டது. "இந்த இடத்தைப் பழசுல பாக்கணும்டா." டக். ஆவி நின்றிருந்த இடத்தில் கறுப்புப் பட்டை. பட்டைக்குள்ளிருந்து மின்னல் வந்தது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். "புதுசுலயே ஆடி ஆடி உன் கண்ணு கெட்டுப்போச்சு. அதான் கவனிக்கலை" என்றார் அண்ணன். நான் ஒன்றும் பேசவில்லை. அமைப்புகளைத் திறந்து, ஜி-க்குக் கொடுத்திருந்த வேலையைப் பிடுங்கினேன். புதிதாக ஒரு பார்பேரியனை உருவாக்கி, முதல் நிலையில், முதல் முகாமில் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணுலேர்ந்து ஆடறதுதான்டா சுகமே."

சுகம் அவருக்கு. கிளிக் பண்ணுவது நான்.