லேபிள் சார்

பிஸ்கட் பாக்கெட்டை ஊரே முன்பக்கம் பார்த்து வாங்கும். லேபிள் சார் முன்பக்கத்தைச் சட்டை செய்ய மாட்டார். கோதுமைக் கதிரும் தேன் சொட்டும் படம் வரைகிறவன் பார்த்த வேலை, பின்பக்கத்தில்தான் கம்பெனிக்காரன் மாட்டிக்கொள்கிறான் என்பது அவர் கட்சி. கூட்டுறவு பேங்க்கில் நகைக்கடன் செக்‌ஷனில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். உரசிப் பார்க்காமல் எதையும் உள்ளே எடுத்து வைத்துப் பழக்கமில்லை.

நாகல் நகரில் ஒருவர், பேகம்பூரில் ஒருவர், ஆர்.எம். காலனியில் தெருவுக்கு ஒருவர் என்று திண்டுக்கல்லில் இந்த இனம் பெருகிவிட்டது. பென்ஷனும் சர்க்கரையும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தவர்களாக இருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். சூப்பர் மார்க்கெட்டில் எந்த வரிசையில் வண்டி அடைத்துக்கொண்டு நிற்கிறதோ அங்கே இருப்பார். செல்போன் கேமராவைப் பெரிதாக்கி, பாக்கெட்டை ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் படிப்பார். ‘தேதிக்கு மேல்மடிப்பைப் பார்க்க’ என்றிருக்கும். மேல்மடிப்பில் தேதி இருக்கும், மாதம் ஒட்டின இடத்துக்குள் போயிருக்கும். நகத்தால் மெல்ல நெம்புவார்.

“சார், பிரிச்சா நீங்கதான் எடுத்துக்கணும்” என்பான் கடைப் பையன்.

“பிரிக்கலப்பா, படிக்கிறேன்.”

“அரை மணி நேரமாவா? பரீட்சையா எழுதப் போறீங்க?”

அவருக்குப் பிடிக்காத ஒரே ஆள், ‘ஒரு பரிமாறல்’ என்று பின்பக்கத்தில் குடியிருக்கிறவர். 60 கிராம் காராபூந்தி பாக்கெட்டில் ஒரு பரிமாறல் 20 கிராம் என்று போட்டிருக்கும். சோடியம் அன்றாடத் தேவையில் வெறும் 8 சதவீதம். “எந்த மகராசன் இருபது கிராம் காராபூந்தி தின்னுட்டு, மிச்சத்தை மடிச்சு ரப்பர் பேண்டு போட்டு வைக்கிறான்? ஆளைக் காட்டுங்க, கும்புட்டுக்கிறேன்” என்பார். பிறகு பில் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கு நடக்கும். 8 சதவீதம் என்றால் 160 மில்லிகிராம். பாக்கெட் முழுக்க 480. அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு, ஒன்றேகால் கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. நாளைக்கே 5 கிராம்தான் ஆகும் என்கிறார்கள், அதில் கால்வாசி சாயங்கால டீயோடு தீர்ந்தது. “உப்புன்னு எழுதினா என்ன கேடு? சோடியம்னு எழுதி, மில்லிகிராம்ல எழுதி, அதையும் மூணா வகுத்து எழுதுறான்!”

அந்தச் சதவீதத்துக்குப் பின்னால் ஒரு கற்பனை மனிதர் இருக்கிறார். நாளொன்றுக்கு 2000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்று அளந்து சாப்பிடுகிறவர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் அதே 2000, ஈஸிசேரில் கிடக்கிற தனக்கும் அதே 2000 என்பது லேபிள் சாருக்கு ஆறாத மனக்குறை. யாருக்கு அநியாயம் நடக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. ஆகவே சர்க்கரை முதலில் வராமலிருக்க என்ன செய்யலாம்? சர்க்கரை கொஞ்சம், லிக்விட் குளுக்கோஸ் கொஞ்சம், இன்வர்ட் சிரப் கொஞ்சம் என்று பினாமி பேரில் பிரித்து எழுதின சொத்து மாதிரி எழுதிவிடலாம். நகைக்கடன் பார்த்த கண்ணுக்கு இது தப்பாது. மூன்றையும் கூட்டி, “இப்ப இது மைதா பிஸ்கட்டா, சக்கர பிஸ்கட்டா?” என்று கேட்டு, வாங்க வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். ‘டிரான்ஸ் கொழுப்பு இல்லை’ என்றால் நூறு கிராமுக்கு 0.2 கிராமுக்குக் கீழே என்று அர்த்தம், பூஜ்யம் இல்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெருவுக்குத் தெரியும்.

எண்களில்தான் சமயத்தில் சறுக்குவார். 330 சிட்ரிக் அமிலம், 322 லெசிதின், 621 அஜினோமோட்டோ என்று மனப்பாடம். ஒருநாள் எதிர்வீட்டு அம்மாவிடம், “இதுல ஐந்நூறு இருக்கும்மா, குழந்தைக்குக் குடுக்காதீங்க” என்று பதறிவிட்டார். 500(ii) என்பது ஆப்பசோடா. “அது எங்க வீட்டு டப்பாவுலயே இருக்கே சார்” என்றது அந்தம்மா. சார் முகத்தில் ஈயாடவில்லை.

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ வரிசையிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னபோது, தெருவில் அவர் நடையே வேறு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பானத்துக்கு வரையறையே கிடையாதாம். சிலி நாட்டில் சர்க்கரை, உப்பு மிஞ்சினால் 2016 முதல் பாக்கெட்டின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை என்று ஒருநாள் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். “சில்லியா சார்? வத்தலா, தூளா?” என்றார் கடைக்காரர். நம் ஊரில் 2022-ல் வந்த வரைவு, முத்திரைக்குப் பதிலாக அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் என்றது. எதைத் தின்றாலும் அரை நட்சத்திரம் நிச்சயம்! பெயிலே ஆகாத பரீட்சையை எந்தப் பிள்ளைதான் வேண்டாமென்னும்?

இத்தனை வித்தையும் ஒரு இடத்தில் செல்லாது. பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் பேரன் ஒரு ரூபாய் ஜெல்லி மிட்டாய் வாங்க, சார் வாங்கித் திருப்பினார். கலோரி, சேர்மானம் எதுவுமே இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியின் தையல் டேப்பை எடுத்து அளந்தார். உறையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் அதையெல்லாம் அதில் அச்சிட வேண்டியதில்லை, மொத்தமாக வருகிற பெட்டியில் இருந்தால் போதும். மறுநாள் பெட்டியைத் தேடிப் போனார். கடைக்காரர் அதில் முட்டை அடுக்கியிருந்தார். தின்கிறது பிள்ளை, எழுத்து இருக்கிறது முட்டைக்கு அடியில். எழுத்து இருந்தாலும் ஆங்கிலமோ இந்தியோ போதும் என்கிற விதி; தமிழ், கம்பெனி மனசு வைத்தால். இந்த ஒரு விஷயத்தில் நான் சார் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் லேபிளுக்கு லீவு. குடும்பத்தோடு சீரக சம்பா பிரியாணிக்குக் கிளம்பிவிடுவார். பத்துக் கிளைக்குக் குறையாத உணவகம் என்றால் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போன வாரம் போன கடையில் போட்டுமிருந்தார்கள். மனைவிதான் முதலில் பார்த்தது.

“ஏங்க, இங்க பாருங்க, கலோரி போட்டிருக்கான்.”

சார் நிமிரவில்லை. “ஒரு பரிமாறல் எத்தனை கிராம்னு போட்டிருக்கானா?”

“அது இல்லையே.”

“பாதித் தகவலைப் படிக்கிறது படிக்காம இருக்கிறதை விட மோசம்மா” என்றவர், தட்டை முன்னால் தள்ளினார். “தம்பி, தால்சா இன்னும் கொஞ்சம்.”