பெரிதினும் பெரிது கேட்கும் பாரசீகம்

கேள்வி: ஒன்றைவிட மற்றொன்று பெரிது என்று பாரசீகத்தில் சொல்வதற்கு எவ்வளவு இலக்கணம் படிக்க வேண்டும்?

பதில்: தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெயரடையின் இறுதியில் ‘தர்’ என்னும் விகுதியைச் சேர்த்து, எதனோடு ஒப்பிடுகிறோமோ அதற்கு முன் ‘இருந்து’ எனப் பொருள்படும் ‘அஸ்’ என்னும் சொல்லை வைத்தால், ‘தெஹ்ரான் அஸ் ஷீராஸ் பொசோர்க்தர் அஸ்த்’, அதாவது ‘ஷீராஸைவிடத் தெஹ்ரான் பெரியது’ என்னும் வாக்கியம் கிடைத்துவிடுகிறது. நீங்கலுக்கும் ஒப்புக்கும் ஒரே உருபுகளை ஐந்தாம் வேற்றுமையில் வைத்த நன்னூலார் இதைக் கண்டு வியந்திருக்கமாட்டார்.

கேள்வி: எல்லாவற்றிலும் பெரியதற்கு?

பதில்: ‘தரீன்’. ‘கெத்தாபெ பொசோர்க்தர்’ (மேலும் பெரிய புத்தகம்) என்பதில் பெயரடை, இசாஃபே எனப்படும் ‘எ’ என்னும் இணைப்பொலியைப் பற்றிக்கொண்டு பெயருக்குப் பின்னால் அடக்கமாக வருகிறது. ‘பொசோர்க்தரீன் கெத்தாப்’ (மிகப் பெரிய புத்தகம்) என்று உச்சத்தை எட்டியதும், இணைப்பொலியை உதறிவிட்டுப் பெயருக்கு முன்னால் போய் நிற்கிறது. பதவி உயர்வின் இயல்பு இலக்கணத்திலும் அதுதான் போலும்.

கேள்வி: பாரசீகப் ‘பெஹ்தர்’, ஆங்கிலப் ‘பெட்டர்’ இரண்டும் ஒரே பொருளுடையவை. உடன்பிறப்புகள்தாமே?

பதில்: இரு மொழிகளும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தவை என்றாலும், இச்சொற்கள் அண்டைவீட்டார்கூட அல்ல. பெட்டரில் உள்ள டகரம் வேர்ச்சொல்லுக்கு உரியது; பெஹ்தரில் உள்ள தகரமோ, வடமொழித் ‘தர’ விகுதிக்கு உறவான ‘தர்’ விகுதிக்கு உரியது. ‘கெட்ட’ என்னும் பொருளில் வரும் பாரசீகப் ‘பத்’, ஆங்கிலப் ‘பேட்’ ஆகியவற்றின் ஒற்றுமையும் இத்தகைய தற்செயலே. இதைவிடச் சுவையானது, ‘பெஹ்’ என்பதே பழங்காலத்தில் ‘மேலும் நல்ல’ எனப் பொருள்பட்ட ஒப்பீட்டுச் சொல் என்பது. அதை மறந்த பிற்காலத்தார் அதன்மேல் ‘தர்’ ஒன்றையும் ஏற்றிவிட்டனர். ‘அதிகம்’ என்னும் ‘பீஷ்தர்’ கதையும் அதுவே. ‘பெஹ்’ சொல்லின் வேரிலிருந்து வந்த உச்ச வடிவமான ‘வஹிஷ்த’ (மிகச் சிறந்தது), சொர்க்கத்தைக் குறிக்கும் ‘பெஹெஷ்த்’ ஆகி, தான் உச்ச வடிவமாக இருந்ததையே மறந்து வாழ்கிறது.

கேள்வி: இப்படி இரட்டை உயர்வு பெற்ற சொற்கள் அனைத்தும் செழித்தனவா?

பதில்: ‘மேலும் பெரியவர்’ எனப் பொருள்பட்ட ‘மெஹ்தர்’, சித்ரால் சமஸ்தானம் 1969-இல் பாகிஸ்தானில் முற்றாகக் கரையும்வரை அதன் ஆட்சியாளருக்குப் பட்டமாக விளங்கியது. ஈரானிலோ, அது குதிரைலாயப் பணியாளரைக் குறித்தது.