மைனஸ் ஒன்று

இரண்டு முதல் ஆறு வரை எந்தச் சீட்டு விழுந்தாலும் ஒன்று கூட்டு. ஏழு, எட்டு, ஒன்பதைக் கண்டுகொள்ளாதே. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் வந்தால் ஒன்று கழி. பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணும் ஹை-லோ முறை இவ்வளவுதான். கணக்கு ஏற ஏற, கட்டில் பெரிய சீட்டுகள் மிச்சமிருக்கின்றன என்று அர்த்தம், பந்தயத்தைக் கூட்டலாம். சீட்டு எண்ணினால் சூதாட்ட விடுதியை வெல்லலாம் என்று கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, 1962இல் புத்தகமே எழுதிவிட்டார். நமக்கோ அந்தக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், ஒன்றாம் வகுப்புக் கணக்கு போதும் என்று நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பயிற்சியைத் தொடங்கினேன்.

ஒரு கட்டில் 20 சின்னச் சீட்டு, 20 பெரிய சீட்டு. ஆகவே 52ஐயும் புரட்டி முடித்தால் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் இதை அரை நிமிடத்துக்குள் முடிப்பார்களாம். எனக்கு மூன்று நிமிடம் ஆனது. மைனஸ் ஒன்று வந்தது. மறுபடி எண்ணினேன். மைனஸ் ஒன்று. எங்கோ ஒரு மூன்றையோ நாலையோ கண் தவறவிடுகிறது என்று கடைசிப் பத்துச் சீட்டில் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டேன். பூஜ்யம் வந்தது! இரண்டு வாரம் தினமும் பூஜ்யம். நேரமும் 40 விநாடிக்கு இறங்கியது.

அட்லாண்டிக் சிட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், மகளின் கணக்குப் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்த ஆர்ட்டின் அஞ்சு கிடைத்தது. ஆக, மைனஸ் ஒன்று வந்த இரண்டு தடவை மட்டும்தான் நான் சரியாக எண்ணியிருக்கிறேன்.

போகாமல் இருந்தேனா? இல்லை. சீட்டு எண்ணுகிறவன் என்பதற்காக ஒருவனை வெளியே தள்ளக்கூடாது என்று கென் உஸ்டன் வழக்கில் 1982இலேயே, அட்லாண்டிக் சிட்டியும் அடங்கிய நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லாஸ் வேகாஸில் இந்தச் சலுகை கிடையாது. சட்டம் நம் பக்கம் இருக்கும்போது ஒரு அஞ்சுக்காகப் பயந்தால் எப்படி?

மேசையில் ஆறு கட்டு, 312 சீட்டு. வந்த கணக்கை மிச்சமிருக்கும் கட்டுகளால் வகுக்கவும் வேண்டும். உதடு அசையக்கூடாது. நான் மனசுக்குள் "ஆறு, ஆறு" என்று ஜபித்துக்கொண்டிருக்க, டீலர் பக்கத்து ஆளின் சீட்டைக் கூட்டி, "பதினாறு" என்றாள். பானம் கொண்டுவந்த பெண், ஐஸ் எத்தனை துண்டு என்று கேட்டாள். எல்லாவற்றையும் தாண்டி ஆறு நினைவில் நின்றது. அதற்கு முன்னால் இருந்தது ப்ளஸ்ஸா மைனஸா என்பதுதான் போய்விட்டது.

ப்ளஸ் என்று வைத்துக்கொண்டு 100 டாலர் கட்டினேன். பிறகு இன்னொரு 100. பிழையில்லாமல் எண்ணினாலே 100 டாலருக்கு ஏறக்குறைய ஒரு டாலர்தான் நம் பக்கம் சாயும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

கோட்டுப் போட்ட மேற்பார்வையாளர் என் பக்கம் நடந்து வந்தார். நெஞ்சு படபடத்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள்! சந்தேகம் வந்தால் கட்டைப் பாதியிலேயே கலைக்கச் சொல்வார்கள் என்று படித்திருந்தேன். அவர் கட்டைப் பார்க்கவே இல்லை. என் தோளைத் தட்டி, அடிக்கடி வரச் சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்கு இலவசக் கூப்பன் கொடுத்தார்.

"ரெண்டு பேருக்குக் குடுத்திருக்காங்க" என்று மனைவியிடம் நீட்டினேன். வாங்கி, தானே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கைப்பையில் வைத்தாள்.