காசைக் கரியாக்கும் கல்வி

தீப்பாதுகாப்பு டிப்ளமோவில் மகனைச் சேர்த்த எதிர்வீட்டுக்காரரை மனதாரப் பாராட்டுகிறேன். நிலம் அடகில், வளையல் வங்கியில். வீட்டில் எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. முதல் பாதுகாப்புப் பாடம் முடிந்தது. துபாய் போனால் ஒரே வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்றார் ஏஜெண்ட். திரும்பியது, அவருக்கு.

பையனுக்கு இப்போது உள்ளூர் மாலில் உத்தியோகம். சிவப்பு சிலிண்டரில் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பான். மற்ற நாளெல்லாம் பார்க்கிங்கில் விசில். தீப்பிடிக்காதவரை ‘இவன் எதற்கு?’ என்பார் முதலாளி. பிடித்தாலும் அதையேதான் கேட்பார். 1944 பம்பாய்த் துறைமுக வெடிப்பில் மாண்ட தீயணைப்பு வீரர்கள் நினைவாக ஏப்ரல் 14 அன்று தீத்தொண்டு நாள். அன்றைக்கு மட்டும் சால்வை உண்டு.

பிள்ளைகளுக்கு நானும் விசாரிக்கலாமென்று அந்தக் கல்லூரிக்குப் போனேன். மூன்றாம் மாடி. ஒரே படிக்கட்டு. அதில் பாதியை அடைத்துக் கிடந்தன, புதிய விண்ணப்பக் கட்டுகள்.